பூகம்ப சார் வீடு இறங்கவில்லை

மார்ச் 3, செவ்வாய்

மாமாவுக்கு மதியச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் கட்டில் நகர்ந்தது. ஸ்பூன் அவர் உதட்டில் இடித்தது. அலமாரிக் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது, மின்விசிறி ஊசலாடியது, குளியலறை வாளித் தண்ணீர் தளும்பி வெளியே கொட்டியது. அப்புறம் எதுவுமே நடக்காததுபோல எல்லாம் நின்றுவிட்டது.

உடனே படிக்கட்டில் தடதடவென்று கால்கள். எதிர்வீட்டு நர்ஸ் எங்கள் கதவை ஓங்கித் தட்டி, "அக்கா, வாங்கக்கா!" என்று கத்திவிட்டுக் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

வாங்கக்கா என்றால் எப்படி வருவது? மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. ரயில் எஞ்சின் ஓட்டிய உடம்பு, படுக்கையில் கிடந்தும் இளைக்கவில்லை. நாங்கள் இருப்பது நாலாவது மாடி. சில நாளாக விட்டுவிட்டு வரும் இந்த அதிர்வுகள் ஓயும்வரை லிஃப்ட் ஓடாது என்று குடியிருப்புச் சங்கத்துச் செக்ரட்டரி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். ஆக, இறங்குவதாக இருந்தால் நான் மட்டும்தான் இறங்கலாம்.

அதைத்தான் மாமாவும் சொன்னார். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக் கதவைக் காட்டினார். "போ...ம்மா."

"வாயைத் திறங்க மாமா. ஆறிடும்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் என் கணவரிடமிருந்து போன். "நாலு புள்ளி அஞ்சு. சின்னதுதான். பயப்படாதே." இவர் நிலநடுக்க ஆய்வு நிலையத்தில் அதிகாரி. நிலையம் ஊருக்கு வெளியே குன்றின் உச்சியில், பாறைமேல் இருக்கிறது.

"அங்கே உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"கருவியில தெரிஞ்சுது" என்றார்.

வாளித் தண்ணீரைத் துடைத்தேன். மாமாவுக்குச் சட்டை மாற்றினேன். பயப்படுவதற்கு எனக்கு நேரம் கிடைத்தது அப்போதுதான்.

மார்ச் 5, வியாழன்

சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். சின்னது சின்னது என்கிறீர்களே, சின்னதற்கு ஏன் இந்த ஆட்டம்?

தொழிலைப் பற்றிக் கேட்டால் இவருக்குத் தனி முகம் வந்துவிடும். தட்டை ஒதுக்கிவைத்தார். "அளவுங்கறது பூமிக்கு அடியில எவ்வளவு சக்தி வெளியே வந்துச்சுங்கறது. ஒரு நடுக்கத்துக்கு ஒரே நம்பர்தான். நீ எங்கே நின்னாலும் அது மாறாது. குலுக்கம் அப்படியில்ல. எவ்வளவு ஆழத்துல நடந்துச்சு, நீ எவ்வளவு தூரத்துல இருக்கே, காலுக்குக் கீழே பாறையா சேறா, கட்டடம் எப்படிப்பட்டது... இடத்துக்கு இடம் வேற. இப்ப வர்றதெல்லாம் ஆழமே இல்லாம, நமக்கு நேர் கீழே வருது. நம்ம தெரு ஒரு காலத்துல ஏரி. மண்ணைக் கொட்டி மேடாக்கினது. கொட்டின மண்ணு குலுக்கத்தை வாங்கிப் பெரிசாக்கிக் கொடுக்கும்."

புரிந்தது. பன்னிரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இதுகூடவா புரியாது? தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். திருகி வைத்த அளவு ஒன்றுதான். அடுத்த தெருக்காரனுக்கு அது பாட்டு, கம்பத்தடியில் குடியிருப்பவனுக்குக் காதுவலி. இவர் ஒலிபெருக்கியின் திருகைப் பார்த்துச் சொல்கிறவர். நான் கம்பத்தடியில் இருக்கிறவள்.

"இதெல்லாம் தெரிஞ்சுமா இங்கே குடிவெச்சீங்க?"

"அப்பா வாங்கினப்ப நான் காலேஜ் பையன்" என்று மறுபடி தட்டை இழுத்துக்கொண்டார்.

குலுக்கத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களாம். ஒன்று முதல் பன்னிரண்டு வரை படிகள். கருவி மட்டும் போதாது, ஜனங்களையும் கேட்கவேண்டும். தூங்கினவர்கள் விழித்தார்களா, சாமான் விழுந்ததா, பயந்து வெளியே வந்தீர்களா என்று போனில் கேள்விகள் வரும். பதில்களை வைத்து ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு படி போடுவார்கள். ஆறாவது படியைத் தொட்டால் இன்ஜினீயர்கள் வந்து கட்டடங்களைச் சோதிப்பார்கள். எங்கள் வட்டாரம் ஐந்து.

"நானும் பதில் அனுப்பினேனே" என்றேன்.

"பார்த்தேன். எடுத்துட்டேன். அலுவலர் வீட்டுப் பதிலைக் கணக்குல சேர்க்கக்கூடாது. அது விதி."

நல்ல விதி. இந்த ஊரில் நான் குலுங்கினால் மட்டும் அது குலுக்கம் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

இன்று இரண்டு. ஒன்று நான் துணி உலர்த்தும்போது. இன்னொன்று நாத்தனார் போனில் இருக்கும்போது. "என்ன அண்ணி சத்தம்?" என்றாள். அலமாரி சுவரில் மோதுகிறது என்றேன். "அண்ணன் சின்னதுதான்னு சொன்னானே" என்றாள். அண்ணனும் தங்கையும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதில் சந்தேகமே வரக்கூடாது.

அப்பாவைக் கொஞ்ச நாள் அங்கே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அங்கே வெயில் அதிகமாம், அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாதாம். இங்கே வீடு ஆடுவது ஒத்துக்கொள்கிறது போலிருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

இன்று குலுங்கவில்லை. நாள் முழுக்க அதற்காகவே காத்திருந்தேன்.

மார்ச் 14, சனி

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்?

காலையில் வந்தது, இதுவரை வந்ததிலேயே முரட்டுத்தனமாக. பக்கவாட்டில் ஆடவில்லை, கீழிருந்து யாரோ முட்டித் தூக்கியதுபோல இருந்தது. சமையலறையில் இருந்தேன். பாத்திரங்கள் தலைக்குமேலிருந்து கொட்டின. மேசைக்கு அடியில் புகுந்துகொண்டேன். குலுங்கும்போது ஓடக்கூடாது, நின்ற பிறகு இறங்கவேண்டும் என்று இவர் சொல்லிச் சொல்லி மனப்பாடம். நின்றது. எழுந்தேன். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியும்போது நான் வாசற்கதவைத் திறந்து படிக்கட்டில் ஒரு படி இறங்கியிருந்தேன். செருப்பு இல்லை. கையில் கரண்டி.

ஓடியிருக்கிறேன். மாமா அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே தெருவில் எல்லோரும் பேசுவது கேட்டது. இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி என்று போயிருந்தால் போயிருப்பேன். யார் என்னைக் கேட்டிருக்கப் போகிறார்கள்? மனசு முழுக்கக் கீழேதான் போகச் சொன்னது. கால்தான் திரும்பி வந்தது, எனக்கே எரிச்சல் வரும்படி.

மாமா விழித்திருந்தார். சுவர்ப் பூச்சு பெயர்ந்து கட்டிலில் தூளாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது. சந்தோஷத்தில் இல்லை. "ஏன்... வந்தே?" என்றார், அவ்வளவு கோபமாக.

"உங்களைத் திட்டறதுக்குத்தான் வந்தேன்" என்றேன். பிறகு கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் பெரிய சத்தமாக மூக்கை உறிஞ்சினார். அழுவதை மறைக்கத் தெரியாத மனிதர்.

இவர் போனில் சொன்ன நம்பர் நாலு புள்ளி மூன்று. போன வாரத்ததைவிடச் சின்னதாம்.

மார்ச் 17, செவ்வாய்

கேட்டேவிட்டேன். குன்றில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அலுவலர் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. எல்லாம் தரைத்தளம், பாறைமேல் கட்டியவை. மாமாவை நாலு பேர் சேர்ந்து ஒருமுறை இறக்கிவிட்டால் போதும்.

"முடியாது" என்றார்.

"ஏன் முடியாது?"

"நம்ம வீட்டுச் சாமான் கீழே இறங்கினா என்ன ஆகும் தெரியுமா? பெரிசா ஒண்ணு வரப்போகுது, பூகம்ப சாருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குன்னு ஊரே கிளம்பிடும். எப்ப வரும்னு எந்த ஆளாலயும் சொல்லமுடியாது. ஆனா ஜனங்க அதை நம்பமாட்டாங்க. போன தடவை எங்க ஆபீஸ்காரர் ஒருத்தர் பெண்டாட்டியை ஊருக்கு அனுப்பினார். அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நெரிசல்ல விழுந்து ஒரு அம்மாவுக்கு இடுப்பே போச்சு. நாம எது செஞ்சாலும் அது அறிவிப்பு மாதிரி."

அவர் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் ஆத்திரம். முட்டாள்தனமாகப் பேசினாலாவது சண்டை போடலாம்.

வீட்டுக்காரரின் வேலை என்னை மாடியில் உட்காரவைக்கிறது. அவர் அப்பாவின் உடம்பு என்னை மாடியில் உட்காரவைக்கிறது. "கொஞ்ச நாள் லீவு போட்டுக்கோ" என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவள். அந்தக் கொஞ்ச நாள் மூன்றாவது வருஷத்தில் நடக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

இன்று ஒரு விசித்திரம். சாயங்காலம் நல்ல குலுக்கல். குளியலறைச் சுவரில் நாலைந்து ஓடுகள் விழுந்து உடைந்தன. நின்றதும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன், படிக்கட்டில் கால்கள் இறங்கும் சத்தத்துக்காக. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும். ஆனாலும் அது ஒரு துணை.

சத்தமே இல்லை. பால்கனியிலிருந்து எட்டிப்பார்த்தேன். வாட்ச்மேன் மட்டும் கேட்டருகில் நின்று அண்ணாந்து எங்கள் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தெரிந்ததும் ஒரு சலாம் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இவர் வந்ததும் உற்சாகமாக, "நாலு புள்ளி ஆறு. ஆனா நம்ம வட்டாரம் நாலாம் படிக்கு இறங்கிடுச்சு. யாருமே வெளியே வரலைன்னு பதில் போட்டிருக்காங்க" என்றார்.

"ஓடு விழுந்திருக்கு. போய்ப் பாருங்க."

பார்த்தார். குனிந்து ஒரு துண்டைக் கையில் எடுத்தார். "பழைய சிமென்ட்" என்றார். துண்டைக் கீழே போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மார்ச் 22, ஞாயிறு

எழுத்து கோணுகிறது. பரவாயில்லை.

நர்ஸ் வந்திருந்தாள். மாமாவின் முதுகில் புண் வராமல் இருக்க எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று வாரம் ஒருமுறை வந்து காட்டுவாள். நல்ல பெண். நான் சும்மா கேட்டேன், வெள்ளிக்கிழமை ஏன் நீ இறங்கவில்லை என்று.

சிரித்தாள். "நீங்க இறங்கலையே அக்கா! முதல்ல எல்லாம் பயந்து ஓடிக்கிட்டிருந்தோம். செக்ரட்டரிதான் சொன்னார், நாலாவது மாடியைப் பாருங்க, பூகம்ப சார் வீட்டம்மா ஒரு தடவையாவது இறங்கியிருக்காங்களான்னு. ஆபத்துன்னா சார் விட்டுவெப்பாரா? அதுலேருந்து யாரும் இறங்கறதில்ல. உங்க வீடு இறங்கினா இறங்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

"அடிப்பாவி, நான் மாமாவால இறங்கலடி" என்றேன்.

"அதான் அக்கா, ஆபத்துன்னா தாத்தாவை முன்னாடியே கூட்டிப் போயிருப்பீங்களே" என்று சொல்லிவிட்டு மாமாவின் தலையணையைச் சரிசெய்தாள். இடுப்பில் அந்தக் குழந்தை. என்னைப் பார்த்து எச்சில் ஒழுகச் சிரிக்கிறது.

கடவுளே. நான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இவர்கள் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இறங்காததால் அவர்கள் இறங்குவதில்லை. அவர்கள் இறங்காததால் பதிலில் "வெளியே வரவில்லை". அதனால் படி நாலு. நாலு என்பதால் யாரும் வந்து கட்டடத்தைப் பார்க்கப் போவதில்லை. என் பதிலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்களே, எல்லோருடைய பதிலையும் எழுதியது நான்தான்.

மார்ச் 23, திங்கள்

செக்ரட்டரியை வரவழைத்துச் சொன்னேன். மாமாவின் கட்டிலையே காட்டிச் சொன்னேன். "நாங்க இறங்காததுக்குக் காரணம் இதுதான் சார். எங்களைப் பார்த்து யாரும் இருக்கவேண்டாம். குலுங்கி நின்னா எல்லாரும் இறங்கிடுங்க."

தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "புரியுது மேடம். சார் வெளியே சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருப்பார். நீங்க சொல்ற மாதிரி சொல்லணும், நாங்க புரிஞ்சுக்கற மாதிரி புரிஞ்சுக்கணும். அதானே?" என்று கண்ணடித்தார்.

"அது இல்ல சார்..."

"கவலையே படாதீங்க. கீழே பார்க்கிங் தூண்ல சின்னச் சின்னக் கோடு விழுந்திருந்துச்சு. யாராவது பார்த்துப் பயப்படப்போறாங்கன்னு அழகா டைல்ஸ் ஒட்டிட்டேன். இப்ப பார்த்தா ஹோட்டல் மாதிரி இருக்கும்."

மனிதர் போன பிறகு மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். "மடையன்" என்றார் மாமா. பக்கவாதம் வந்த பிறகு அவர் இவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை சொன்னது இதுதான் முதல் தடவை.

மார்ச் 24, செவ்வாய்

நேற்று ராத்திரி இவரிடம் சொன்னேன். நர்ஸ் சொன்னது, செக்ரட்டரி சொன்னது, தூண் எல்லாம்.

கடைசியில், "பதில்களைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல. என் வீட்டுக் கட்டடத்தைச் சோதிக்கணும்னு நானே எழுதினா, சொந்த லாபத்துக்குன்னு ஆகும்" என்றார்.

"எழுதுங்க, என்ன ஆகும்? ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. பேசட்டுமே!"

"யோசிக்கறேன்."

யோசிக்கிறாராம். இதுவரை வந்தது எதுவும் யோசிக்க நேரம் கொடுத்துவிட்டு வந்ததா? காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே ஆபீஸ் கிளம்பிப் போய்விட்டார்.

மார்ச் 26, வியாழன்

செய்துவிட்டேன். சரியா தப்பா தெரியாது.

காலைக் காபி நேரம். லேசான குலுக்கல். இத்தனை நாள் வந்ததில் இதுதான் சாது. கோப்பைகூட விழவில்லை. நின்றதும் பால்கனிக்குப் போய் முழுத் தொண்டையில் கத்தினேன். பள்ளிக்கூட மைதானத்தில் கடைசி வரிசைப் பிள்ளையைக் கூப்பிடும் குரல். மூன்று வருஷமாக உபயோகப்படாமல் கிடந்தது. "நாங்க இறங்கறோம்! மாமாவைத் தூக்க ஆள் வேணும்! நாலு பேர் வாங்க!"

அப்புறம் கதவுகள். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன.

நர்ஸ்தான் முதலில் வந்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் திணித்துவிட்டுப் படுக்கை விரிப்பை உருவினாள். "நாற்காலி வேண்டாம், வளைவுல திரும்பாது. விரிப்பிலேயே தூக்குங்க. தலைப்பக்கம் மேலே இருக்கணும்." மூன்றாவது மாடி வேன் டிரைவர், கீழ்வீட்டுத் தையல்காரர், வாட்ச்மேன், நான். செக்ரட்டரி முன்னால் இறங்கிக்கொண்டே "மெதுவா, மெதுவா" என்று கையை ஆட்டினார். அவர் செய்த உதவி அது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் தையல்காரருக்குக் கை நழுவியது. மாமா என் பக்கமாகச் சரிந்தார். தோளைக் கொடுத்துத் தாங்கினேன். அவர் வாய் என் காதருகே. "விட்டுட்டு... போ" என்றார்.

"இன்னொரு தடவை சொன்னீங்கன்னா நிஜமாவே விட்டுடுவேன்" என்றேன். டிரைவர் சிரித்துவிட்டார். மூச்சு வாங்கச் சிரித்ததில் எல்லோரும் அப்படியே நின்று, மறுபடி தூக்கி இறங்கினோம்.

தெருமுனைப் பள்ளிக்கூட மைதானத்தில் மரநிழலில் மாமாவைக் கிடத்தினோம். திரும்பிப் பார்த்தால் கட்டடம் மொத்தமும் எங்கள் பின்னால் நிற்கிறது. அவர்கள் பின்னால் தெரு மொத்தமும்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பெரியது வரப்போகிறதா என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றேன். "எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், மேலே எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. முதல் நாள்லேருந்தே. தைரியமா இருந்து நான் உட்காரல. தூக்க ஆளில்லாம உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்து, உங்க வீட்ல என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க. எங்க வீட்டைப் பார்த்து எழுதாதீங்க."

யாரோ ஒரு அம்மா என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, "சொல்லியிருக்கக்கூடாதா, நாங்க தூக்கியிருக்க மாட்டோமா?" என்று திட்டினாள். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது. ஒரே கட்டடம்.

மார்ச் 27, வெள்ளி

நேற்று இவர் மைதானத்துக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்து முகம் வெளுத்துவிட்டது. "என்ன காரியம் பண்ணிட்டே? நாலு புள்ளி ஒண்ணுக்கு!"

"உங்க அப்பாவை இறக்கியிருக்கேன். அந்தக் காரியம்தான்."

மாமாவைப் பார்த்தார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். ராத்திரி பள்ளிக்கூட ஹாலில் படுத்தோம்.

மார்ச் 30, திங்கள்

வட்டாரம் ஆறாம் படி. இதுவரை வந்ததிலேயே சாதுவான நாளுக்குத்தான் இந்தப் படி, வேடிக்கைதான். ஆனால் எல்லோரும் பழைய நாட்களுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். எந்தச் சுவர் எப்போது வெடித்தது, எந்த ஓடு எப்போது விழுந்தது, எல்லாம். நிலையத்தில் பழைய கணக்கைப் பிரித்து மறுபடி போடுகிறார்கள். சோதனைக்கு ஆள் அனுப்பும்படி இவரும் தனியாகக் கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறார். அதை நாத்தனார்தான் போனில் சொன்னாள். என்னிடம் சொல்ல வெட்கம் போலிருக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

இன்ஜினீயர் வந்தாள். சின்னப் பெண், பெரிய சுத்தியல். பார்க்கிங் தூணில் செக்ரட்டரியின் ஹோட்டல் டைல்ஸை நாலு தட்டில் பெயர்த்தாள். உள்ளே விரிசலில் அவள் கை மணிக்கட்டுவரை போனது. கம்பி வளைந்து வெளியே தெரிந்தது. அவள் செக்ரட்டரியிடம் எதுவும் கேட்கவில்லை. டைல்ஸ் துண்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த தூணுக்குப் போய்விட்டாள்.

யாரும் உள்ளே தங்கக்கூடாது. சாமான் எடுக்க இருவர் இருவராகப் போய்வரலாம்.

நாங்கள் குன்றுக்குப் போகிறோம்.

ஏப்ரல் 11, சனி

மாமாவுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். இங்கே எதுவுமே தெரியவில்லை. கிண்ணத்துத் தண்ணீர்கூட அசையவில்லை. நர்ஸ்தான் போன் செய்தாள். பேச்சே வரவில்லை அவளுக்கு. "அக்கா... உட்கார்ந்துடுச்சு அக்கா."

பார்க்கிங் தளம் நசுங்கி, மேலே இருந்த மாடிகள் அப்படியே ஒரு பக்கமாக இறங்கி உட்கார்ந்துவிட்டன. எங்கள் பால்கனிக் கம்பி வேன் கூரைமேல் கிடக்கிறதாம். படிக்கட்டு இருந்த இடத்தில் படிக்கட்டு இல்லை. உள்ளே யாரும் இல்லை. வாட்ச்மேன்கூட எதிர்க் கடையில் நின்றிருக்கிறார்.

நாலு புள்ளி இரண்டு. சாயங்காலச் செய்தியில், "லேசான நிலநடுக்கம். உயிர்ச்சேதம் இல்லை." அடுத்து விளையாட்டுச் செய்தி.

ஏப்ரல் 12, ஞாயிறு

இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். வாசற்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் செருப்பிலிருந்த சிமென்ட் தூளையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். "எனக்கு அந்த வீட்ல பயமா இருந்துச்சு. முதல் வாரத்துலேருந்தே. குலுங்கினப்ப ஒரு தடவைகூட நான் வீட்ல இல்ல, கவனிச்சியா? சீக்கிரம் போயி, லேட்டா வந்து... வேலை இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா அவ்வளவு வேலை இல்ல."

நான் கரண்டியோடு படிக்கட்டில் நின்றது நினைவுக்கு வந்தது. நான் ஒரு படி ஓடினதற்கு ஒரு வாரம் தூங்கவில்லை. இந்த மனிதர் தினமும் குன்றுவரைக்கும் ஓடியிருக்கிறார்! கேட்டால் விதி, அறிவிப்பு, நெரிசல். எல்லாம் உண்மை. உண்மைகளை நன்றாக அடுக்கி அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். "உங்க அப்பாவை என்கிட்ட விட்டுட்டு" என்றேன். அதற்குமேல் பேசினால் கத்திவிடுவேன் என்று எழுந்து போய்விட்டேன்.

சமையலறையில் நின்று யோசித்துப் பார்த்தேன். மன்னிக்க மனசு வரவில்லை. வரும்போது வரட்டும். திரும்பி வந்து சொன்னேன்: "நாளையிலேருந்து காலையில அப்பாவுக்கு எல்லாம் நீங்கதான். குளிக்கவைக்கறது, ஊட்டறது, துடைக்கறது, எல்லாம். நர்ஸ் வந்து சொல்லிக்கொடுப்பா. நான் பள்ளிக்கூடத்துக்கு எழுதப்போறேன்."

"சரி" என்றார். தலை நிமிரவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

முதல் நாள். அறைக்குள்ளிருந்து மாமா மகனைத் திட்டும் சத்தம். தண்ணீர் சூடு போதவில்லையாம். நான் வாசலில் உட்கார்ந்து காபி குடித்தேன். உள்ளே போகவில்லை.

ஜூன் 15, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. எட்டாம் வகுப்பு. வாத்தியார் யாரென்று ஒரு பையன் எட்டிப்பார்த்துவிட்டு ஓடினான்.

இரண்டாவது பீரியடில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. பலகை ஆடியது. நாற்பது முகங்கள் என் முகத்தைப் பார்த்தன. "பெஞ்சுக்குக் கீழே" என்றேன். எல்லோரும் குனிந்தார்கள், நானும் என் மேசைக்கு அடியில் குனிந்தேன். பயமாகத்தான் இருந்தது. நின்றது.

"எழுந்திரிங்க. ஓடாம, வரிசையா."

கதவைத் திறந்தேன். தாழ்வாரம், மூன்று படி, மைதானம். நடந்து போனேன். என்னை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. வெயில் முகத்தில் விழுந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, "டீச்சர், பயமா இருக்கா?" என்றாள். "ஆமாம்டா. அதான் வெளியே வந்துட்டோமே" என்றேன்.

போன் அடித்தது. இவர்தான், மூச்சு இரைத்தது. "இங்கேயும் லேசா ஆடிச்சு. அப்பாவை வாசலுக்குக் கொண்டு வந்துட்டேன். தனியாத்தான் தூக்கினேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு. என்னை 'போ போ'ங்கறார், நான் போகல."

நல்லது என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆஜர் எடுத்தேன். எல்லோரும் இருந்தார்கள்.